டேட்டாவை அணைத்தாலும் வோல்ட்டி அழைப்பு போவது எப்படி?

ஒரு சின்னச் சோதனை. 4ஜி போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் யாரையாவது கூப்பிட்டால் போகாது. அதே ஆளை வழக்கமான டயலரிலிருந்து கூப்பிடுங்கள். மணி அடிக்கும், பேசலாம், குரலும் தெளிவாகவே இருக்கும். டேட்டா பேக் தீர்ந்துபோன நாளிலும் இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே டேட்டாதான். டயலரிலிருந்து 4ஜி வலையிலேயே போகும் வோல்ட்டி அழைப்பிலும் உங்கள் குரல் ஐபி பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டே டவருக்குப் போகிறது. 4ஜி-யில் குரலுக்கு வேறு வழியே கிடையாது. அப்படியிருக்க, ஒன்று போகிறது, மற்றொன்று ஏன் போகவில்லை? இதற்கு விடை தெரிந்துவிட்டால் வீடியோ அழைப்பு, வைஃபை காலிங், எஸ்எம்எஸ், அதன் வாரிசாக வந்த ஆர்சிஎஸ் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். எது கெட்டால் எங்கே பார்ப்பது என்பதும் புரியும்.

முதலில் பழைய முறை

2ஜி-யில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை நேரத்தால் 8 துண்டுகளாக்கி, பேசுகிறவருக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிடுவார்கள். அவர் பேசினாலும் சரி, எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாலும் சரி, அழைப்பு முடியும்வரை அந்தத் துண்டு அவருடையதே. ரயிலில் முன்பதிவு செய்த இருக்கை மாதிரி. ஆள் இறங்கி டீ குடிக்கப் போனாலும் வேறு யாரும் உட்கார முடியாது. இதற்குப் பெயர் சர்க்யூட் முறை.

3ஜிபிபி என்ற தர நிர்ணய அமைப்பு 2008 இறுதியில் ரிலீஸ் 8 வழியாக 4ஜி எல்டிஇ-யை வகுத்தபோது சர்க்யூட்டை அடியோடு தூக்கிவிட்டது. எல்லாமே பாக்கெட். அதனால் ஆரம்பகால 4ஜி போன்கள் அழைப்பு வந்ததும் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கிப் பேசி, முடிந்ததும் திரும்ப 4ஜி-க்கு ஏறின. இன்றும் சில போன்களில் பேசும்போது மேலே 4ஜி மறைந்து ‘எச்’ அல்லது ‘ஈ’ என்று வருவதைப் பார்க்கலாம். இந்த இறங்கல் ஏறலுக்குச் சில நொடிகள் பிடிக்கும். மணி அடிப்பதற்கு முன் வரும் அந்த மௌனம் இதனால்தான்.

பாக்கெட் வலையிலேயே பேச வைக்கும் அமைப்பு ஒன்றும் புதிதல்ல. ஐஎம்எஸ் என்ற பெயரில் 2002-லேயே, 3ஜி காலத்து ரிலீஸ் 5-இல் அது எழுதப்பட்டுவிட்டது. அவசரம் இல்லாததால் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. 4ஜி வந்து வேறு வழியடைத்த பிறகுதான் தூசு தட்டி எடுத்தார்கள். 2010-இல் மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ இதைக் கையில் எடுத்தது. போனும் நெட்வொர்க்கும் குறைந்தபட்சம் எவற்றைச் செய்ய வேண்டும் என்பது ஐஆர்.92 என்ற ஆவணமானது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் வணிக வோல்ட்டி தொடங்கியது. இந்தியாவில் 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபோது அதனிடம் 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. இறங்கிப் பேச இடமே கிடையாது. 4ஜி போன் கையில் இருந்தும் அதில் வோல்ட்டி இல்லாதவர்கள் தனிச் செயலி போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

ஒரே போன், பல தடங்கள்

நாம் ‘மொபைல் டேட்டா’ என்று அணைத்து ஏற்றுவது இணையத்துக்குப் போகும் இணைப்பை மட்டும்தான். வோல்ட்டி உள்ள போன் டவரோடு சேர்ந்ததும் இன்னொரு இணைப்பையும் சத்தமில்லாமல் திறந்துவிடுகிறது. அதன் ஏபிஎன், அதாவது இணைப்புப் புள்ளியின் பெயரே ‘ஐஎம்எஸ்’. அதற்குத் தனி ஐபி முகவரி உண்டு. அந்த வழியே யூடியூபுக்குப் போக முடியாது. நிறுவனத்தின் அழைப்புக் கணினிகளை மட்டுமே எட்டலாம். உங்கள் டேட்டா பேக்கில் அது கழிவதும் இல்லை. மேலே கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதுவே.

மீதிப் பாதி, வரிசையில் யாருக்கு முதலிடம் என்பது. எல்டிஇ-யில் ஒவ்வொரு தடத்துக்கும், பொறியாளர் மொழியில் பேரருக்கு, கியூசிஐ என்ற ஓர் எண் உண்டு. சாதாரண இணையம் பெரும்பாலும் கியூசிஐ 9-இல் ஓடுகிறது. அழைப்பை ஏற்பாடு செய்யும் செய்திகள் 5-இல். அழைப்பு உண்மையில் தொடங்கும்போது குரலுக்கென்று 1-ஆம் எண்ணில் ஒரு தடம் புதிதாகத் திறக்கிறது. பேசி முடித்ததும் அது மூடிவிடும். வீடியோ அழைப்பானால் படத்துக்கு எண் 2.

இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். குரல் தடத்துக்கு அனுமதித்த தாமதம் 100 மில்லி நொடி. இணையத் தடத்துக்கு 300. பாக்கெட் இழப்பில் நிலைமை தலைகீழ். இணையத்தில் 10 லட்சத்தில் ஒன்றுதான் தொலையலாம். குரலில் 100-க்கு ஒன்று போனாலும் பரவாயில்லை என்கிறது விதி. உயர்ந்த தடத்துக்கு மோசமான தரமா என்று தோன்றும். வங்கிப் பக்கத்தில் ஓர் எழுத்து தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கியே ஆகவேண்டும், நேரமானாலும் சரி. பேச்சில் ஒரு துணுக்கு தொலைந்தால் திரும்ப அனுப்பிப் பயனில்லை. அது வந்து சேர்வதற்குள் வாக்கியம் தாண்டிப் போயிருக்கும். பேச்சுக்குத் தாமதம்தான் விஷம், இழப்பு அல்ல. குரல் தடத்துக்கு இத்தனை கிலோபிட் என்று டவர் உறுதியும் தருகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பங்கைத் தொடக் கூடாது.

வாட்ஸ்அப் அழைப்பு இந்த வரிசையில் பக்கத்து ஆளின் படப் பதிவிறக்கத்தோடு 9-ஆம் எண்ணில் நிற்கிறது. நெரிசல் இல்லாத இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நெரிசல் வந்தால் தெரியும்.

போன் தன்னைப் பதிவு செய்வது

ஐஎம்எஸ் இணைப்பு திறந்தால் மட்டும் போதாது. ‘இந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் என்னை இங்கே கூப்பிடுங்கள்’ என்று போன் போய்ச் சொல்ல வேண்டும். இதற்கும் அழைப்பு ஏற்பாட்டுக்கும் பயன்படுவது சிப் (எஸ்ஐபி) என்ற நெறிமுறை. 2002-இல் ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. பார்த்தால் வெறும் எழுத்து வரிகள்தான். மின்னஞ்சல் தலைப்பு மாதிரி ‘யாரிடமிருந்து, யாருக்கு, எது பற்றி’ என்று இருக்கும்.

போன் ‘ரிஜிஸ்டர்’ என்ற செய்தியை அனுப்பும். அதை முதலில் வாங்குவது வாசல்காரர், பெயர் பி-சிஎஸ்சிஎஃப். வாசல்காரர் அதை உள்ளே தள்ள, விசாரிப்பாளர் ஐ-சிஎஸ்சிஎஃப், சந்தாதாரர் விவரங்கள் கிடக்கும் எச்எஸ்எஸ் தளத்தைக் கேட்டு, இந்த வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டிய எஸ்-சிஎஸ்சிஎஃப் எது என்று கண்டுபிடிப்பார். அங்கிருந்து உடனே 401 என்ற மறுப்பு திரும்பி வரும். பதிவேட்டை முதன்முதலாகப் பார்க்கும் பலர் இந்த 401-ஐப் பிழை என்று நினைத்துக் குழம்புவார்கள். பிழையில்லை, அதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. உங்கள் சிம்மும் நெட்வொர்க்கும் மட்டும் அறிந்த ரகசியச் சாவியால் சிம் அந்தப் புதிரை அவிழ்க்கும். விடையோடு இரண்டாவது ‘ரிஜிஸ்டர்’ போகும். சரியாக இருந்தால் 200 ஓகே. அந்த இரண்டாவது ‘ரிஜிஸ்டர்’ போவதற்கு முன்பே போனுக்கும் வாசலுக்கும் நடுவே ஐபிசெக் என்ற பாதுகாப்புப் பூட்டு விழுந்துவிடுகிறது. திரையில் வோல்ட்டி அடையாளம் வருவது இந்தக் கட்டம் தாண்டிய பிறகே.

போன் கேட்கும் பதிவுக் காலம் 6 லட்சம் நொடி, ஏறக்குறைய 7 நாள். நெட்வொர்க் அதைக் குறைத்துக் கொடுக்கலாம். காலம் முடியுமுன் போன் தானே புதுப்பித்துக்கொள்ளும். விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் பல தொல்லைகள் தீர்வது ஏன் என்று இப்போது புரியும்: இணைப்பு, பதிவு, பூட்டு மூன்றும் முதலிலிருந்து புதிதாக நடக்கின்றன.

அழைப்பு கிளம்பும்போது

மதுரையில் அக்கா, கோவையில் தம்பி. வேறு வேறு நிறுவன சிம்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தியதும் போனிலிருந்து ‘இன்வைட்’ கிளம்புகிறது. அதற்குள் எஸ்டிபி என்ற ஒரு பட்டியல்: எனக்குத் தெரிந்த குரல் கோடெக்குகள் (குரலைச் சுருக்கி விரிக்கும் முறைகள்) இவை, குரலை இந்த முகவரிக்கு இந்தப் போர்ட்டில் (கதவு எண்ணில்) அனுப்பு, வானலையில் இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

கடைசி வரி முக்கியமானது. இடம் கிடைப்பதற்கு முன் தம்பியின் போன் மணி அடித்து, அவர் எடுத்து ‘அலோ’ என்று சொல்லி, அப்புறம் டவரில் இடமில்லை என்று தெரிந்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். அதனால் முதலில் இடம், பிறகு மணி.

அக்காவின் எஸ்-சிஎஸ்சிஎஃப் இந்த அழைப்பை டிஏஎஸ் என்ற சேவைக் கணினியிடம் காட்டும். காத்திருப்பு அழைப்பு, திருப்பிவிடல், வெளியழைப்புத் தடை போன்றவை அங்கேதான் நடக்கின்றன. பிறகு தம்பியின் எண் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று தேட வேண்டும். எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருப்பதால், முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது. தளத்தில் தேடித்தான் ஆகவேண்டும். எல்லையில் ஒரு காவல் பெட்டியைத் தாண்டி இன்வைட் தம்பியின் வாசல்காரரிடம் போய், போனைத் தட்டுகிறது.

தம்பியின் போன் மணி அடிக்காமல் 183 என்று பதில் சொல்லும்: ‘பட்டியலில் இந்தக் கோடெக் எனக்குச் சரி.’ இந்த நேரத்தில் இரண்டு பக்கத்து வாசல்காரர்களும் பிசிஆர்எஃப் என்ற விதிப்பெட்டிக்கு ‘இவருக்கு இத்தனை கிலோபிட் குரல் தடம் தேவை’ என்று சொல்ல, அது கீழே இறங்கி டவர் வரை போய் 1-ஆம் எண் தடம் திறக்கிறது. இரண்டு பக்கமும் ‘இடம் தயார்’ என்று ‘அப்டேட்’ பரிமாறிக்கொண்ட பிறகுதான் 180, அதாவது மணி. தம்பி எடுத்ததும் 200 ஓகே. அக்காவின் போன் ‘ஏக்’ என்று ஒப்புதல் தரும். மணி அடிக்கத் தொடங்கும்வரை எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும்.

காலர் ட்யூன் எங்கே வருகிறது என்று கேட்கலாம். தம்பி எடுப்பதற்கு முன்பே குரல் தடம் திறந்துவிட்டதல்லவா, அந்த வழியே நெட்வொர்க் பாட்டை அனுப்புகிறது. காலர் ட்யூன் இல்லாதபோது ‘ட்ரிங் ட்ரிங்’ சத்தத்தை, வெளியிலிருந்து ஒன்றும் வராமல், அக்காவின் போனே தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் ஏற்பாடு மட்டுமே. இந்தக் கணினிகளில் எதுவும் குரலைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். குரல் போகும் பாதை தனி, ஏற்பாடு போகும் பாதை தனி. மணி அடித்து, எடுத்து, ஒன்றும் கேட்காமல் போகும் அழைப்புகளுக்கு இந்தப் பிரிவுதான் காரணம்: ஏற்பாடு நன்றாக நடந்திருக்கிறது, குரல் பாதை அடைத்திருக்கிறது.

20 மில்லி நொடித் துணுக்குகள்

மைக்கிலிருந்து வரும் ஒலியைப் போன் 20 மில்லி நொடித் துணுக்குகளாக வெட்டும். நொடிக்கு 50 துணுக்கு. வோல்ட்டியில் வழக்கமான கோடெக் ஏஎம்ஆர்-டபிள்யூபி. பழைய போன்கள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பின. இது 50 முதல் 7,000 வரை அனுப்புகிறது. ‘ஸ’வும் ‘ஃப’வும் தொலைபேசியில் பிரிந்து கேட்பது இதனால்தான். இருவரில் ஒருவர் 2ஜி-யில் இருந்தால் இந்த லாபம் போய்விடும். நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி பழைய அகலத்துக்குக் குறுக்கிவிடும். இதைவிடப் புதியது 2014-இல் வந்த ஈவிஎஸ். பாக்கெட் இழப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

12.65 கிலோபிட் வேகத்தில் ஒரு துணுக்கு சுமார் 33 பைட். அதன் தலையில் ஏறும் முகவரிச் சுமையைப் பாருங்கள்: ஐபிவி6-க்கு 40, யுடிபி-க்கு 8, ஆர்டிபி-க்கு 12, மொத்தம் 60 பைட். சரக்கைவிட லேபிள் கனம். அப்படியே அனுப்பினால் 12.65 கிலோபிட் குரலுக்கு 37 கிலோபிட் செலவாகும். ஆனால் இந்த 60 பைட்டில் பெரும்பகுதி அழைப்பு முழுக்க மாறாதது. அதனால் போனும் டவரும் ஆர்ஓஎச்சி என்ற சுருக்க முறையில் அதை மூன்று நான்கு பைட்டாக்கிவிடுகின்றன. செலவு 15 கிலோபிட்டுக்கு இறங்கும். பொது இணையத்தில் போகும் செயலி அழைப்புக்கு வானலையில் இந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. பேசாமல் இருக்கும்போது துணுக்கு அனுப்புவதே நின்றுவிடும். 160 மில்லி நொடிக்கு ஒருமுறை ‘பின்னணி இரைச்சல் இப்படி’ என்ற குறிப்பு மட்டும் போகும். எதிர்முனை அதை வைத்து லேசான இரைச்சலை உண்டாக்குகிறது. முழு நிசப்தம் விட்டால் ‘லைன் கட்டாயிடுச்சா?’ என்று கேட்போம்.

அனுப்பும்போது சீராகப் போகும் துணுக்குகள் வந்து சேரும்போது சீராக வருவதில்லை. ஒன்று 40 மில்லி நொடியில், அடுத்தது 70-இல். இந்த ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர். வாங்கும் போன் துணுக்குகளை ஒரு சின்னத் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து சீராக எடுத்து ஒலிக்கும். தொட்டி சிறிதானால் பிந்தி வருகிறவை வீணாகிப் பேச்சு வெட்டும். பெரிதானால் தாமதம் கூடும். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் உணரமாட்டார்கள் என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீ சொல்லு’ ‘இல்ல நீ சொல்லு’ என்று ஆகிவிடும். தொலைந்த ஒரு துணுக்கை முந்தைய துணுக்கை நீட்டிப் போன் ஒப்பேற்றும். தொடர்ந்து நான்கைந்து தொலைந்தால்தான் ரோபோக் குரல் கேட்கும்.

வீடியோ அழைப்பு இதே கட்டமைப்பின் மேல் ஒரு மாடி. பேசிக்கொண்டிருக்கும்போதே வீடியோவுக்கு மாறினால் புதிய இன்வைட் ஒன்று போய்ப் பட்டியலில் எச்.264 என்ற வீடியோ கோடெக் சேரும், படத்துக்கு இரண்டாவது தடம் திறக்கும். படமும் குரலும் தனித்தனி வரிசையில் வருவதால், ஆர்டிசிபி என்ற துணைச் செய்தி இரண்டின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுக் காட்ட, வாயசைவும் ஒலியும் ஒட்டும். படம் உறைந்து நிற்பது ஏன்? வீடியோவில் முழுப் படம் எப்போதாவதுதான் போகும். மற்ற நேரங்களில் ‘முந்தையதிலிருந்து மாறியது இவ்வளவு’ என்ற வேறுபாடு மட்டும் போகும். முழுப் படத்தின் ஒரு துண்டு தொலைந்தால் அடுத்த முழுப் படம் கேட்டு வாங்கும்வரை கட்டம் கட்டமாகத் தெரியும். நிறுவனம் விட்டு நிறுவனம் போகும்போது டயலர் வீடியோ பொத்தான் மறைந்துவிட்டால் போனைக் குறை சொல்லாதீர்கள். இடையே வீடியோவுக்கான ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம்.

வைஃபை வழியே

கான்கிரீட் வீட்டின் நடு அறையில் சிக்னல் இல்லை, பிராட்பேண்ட் இருக்கிறது. இங்கே போன் டவருக்குப் பதில், வைஃபை வழியாக நிறுவனத்தின் ஈபிடிஜி என்ற நுழைவாயிலுக்கு ஒரு பூட்டிய சுரங்கம் தோண்டுகிறது. சுரங்கத்துக்குள் அதே சிப், அதே பதிவு, அதே இன்வைட். இந்தியாவில் இது 2019 டிசம்பர், 2020 ஜனவரி வாக்கில் பரவலானது.

சுரங்கம் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை நம்பியிருக்கிறது. அலுவலகம், விடுதி, கல்லூரி வைஃபைகளில் இவற்றை மூடிவைத்திருப்பார்கள். அப்போது வாட்ஸ்அப் எல்லாம் வேலை செய்யும், வைஃபை காலிங் மட்டும் எட்டிப் பார்க்காது. போனில் எதை மாற்றியும் பயனில்லை. ரவுட்டரில்தான் திறக்க வேண்டும். இன்னொன்று: வைஃபையில் கியூசிஐ எதுவும் இல்லை. பக்கத்து அறையில் யாராவது பெரிய கோப்பை ஏற்றினால் உங்கள் பேச்சு வெட்டும்.

எஸ்எம்எஸ்: 140 பைட்டும் தமிழும்

ஐஎம்எஸ்-இல் எஸ்எம்எஸ் என்பது சிப்பின் ‘மெசேஜ்’ என்ற ஒற்றைச் செய்திக்குள் மடித்து வைத்த பழைய எஸ்எம்எஸ்தான். அதற்குத் தனித் தடம் திறப்பதில்லை. 5-ஆம் எண் ஏற்பாட்டுத் தடத்திலேயே போய்விடும். டேட்டா அணைந்திருக்கும்போதும் ஓடிபி வருவது இதனால்தான். பெறுபவர் போன் அணைந்திருந்தால் எஸ்எம்எஸ் மையம் வைத்திருந்து மறுபடி முயலும்.

உறை புதிது, உள்ளிருக்கும் அளவு மாறவில்லை: 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் என்பதால் 70. அதுவும் நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்’ என்பதில் கண்ணுக்கு 14 எழுத்தும் 2 இடைவெளியும். யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும், மொத்தம் 29. மூன்று சொல்லிலேயே ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்தது. 70-ஐத் தாண்டினால் செய்தி உடைந்து, ஒவ்வொரு துண்டிலும் இணைப்புக் குறிப்பு 6 பைட்டை எடுத்துக்கொள்ள, துண்டுக்கு 67 குறிதான். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ரூபாய்க் குறியோ இமோஜியோ சேர்த்தாலும் முழுச் செய்தியும் 160-லிருந்து 70 கணக்குக்கு மாறிவிடும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் கடைக்காரர்களின் பில் திடீரென இரட்டிப்பாவதன் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒற்றைக் குறிதான். தமிழையும் 7 பிட்டில் அடைக்கும் அட்டவணையை 3ஜிபிபி எழுதித்தான் வைத்திருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் புழக்கத்துக்கு வரவில்லை.

எம்எம்எஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படம் ஒரு மையத்தில் ஏறும், பெறுபவருக்கு ‘வந்திருக்கிறது’ என்று மறைவான ஓர் எஸ்எம்எஸ் போகும், போன் டேட்டா வழியே போய் எடுத்துக்கொள்ளும். சில நூறு கேபி-க்கு மேல் போகாது.

ஆர்சிஎஸ்

எஸ்எம்எஸ்-இன் இடத்தைப் பிடிக்க 2007-இலேயே தொடங்கிய முயற்சி இது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்ததால் பல ஆண்டு தடுமாறியது. 2016 நவம்பரில் யுனிவர்சல் புரொஃபைல் என்ற பொது வரையறை வந்த பிறகே ஒழுங்குக்கு வந்தது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வழியே ஐபோனும் சேர்ந்தது.

இதற்கும் அடிப்படை சிப் பதிவுதான், ஆனால் பெரும்பாலும் சாதாரண இணைய இணைப்பின் வழியே. அதனால் டேட்டா அல்லது வைஃபை வேண்டும். முதல்முறை இயக்கும்போது எண்ணைச் சரிபார்க்கப் பின்னணியில் ஓர் எஸ்எம்எஸ் பரிமாறப்படலாம். இரண்டு சிம் போனில் அது தவறான சிம்மிலிருந்து போனாலோ, எஸ்எம்எஸ் போகும் அளவு ரீசார்ஜ் இல்லாவிட்டாலோ ‘அமைக்கிறது’ என்றே நாள்கணக்கில் நிற்கும்.

ஒருவருக்குச் செய்தி எழுதத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் ஆர்சிஎஸ் உண்டா என்று போன் விசாரிக்கும். ‘உண்டு’ என்றால் அரட்டை, இல்லையென்றால் எஸ்எம்எஸ். உரைச் செய்தி எம்எஸ்ஆர்பி என்ற தனி வழியிலோ சிப் செய்தியாகவோ போகும். படம், காணொளி, ஒலிப்பதிவு எதுவும் அந்த வழியே போவதில்லை. கோப்பு முதலில் ஒரு சேமிப்புக் கணினிக்கு ஏறுகிறது. அதன் இணைப்பு, அளவு, சின்ன முன்னோட்டப் படம் ஆகியவை மட்டும் செய்தியாகப் போகின்றன. பெறுபவர் தட்டினால் இறங்கும். சில நாள் கழித்துத் தட்டினால் ‘கோப்பு இல்லை’ என்று வருவது, சேமிப்புக் கணினி அதை வைத்திருக்கும் கெடு முடிந்துவிட்டதால்.

ரகசியம் எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எஸ்எம்எஸ், வோல்ட்டி இரண்டும் வானலையில் பூட்டப்பட்டவை. நிறுவனத்தின் கணினிக்குள் திறந்தவை. வாட்ஸ்அப் 2016 முதல் முனைக்கு முனை பூட்டு. ஆர்சிஎஸ்-இன் பொது வரையறையில் அத்தகைய பூட்டு 2025 மார்ச்சில்தான் நுழைந்தது. இரண்டு பக்கச் செயலியும் அதை ஆதரித்தால்தான் பயன். திரையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே வழி.

எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க

வோல்ட்டி அடையாளமே வரவில்லை என்றால் பதிவு நடக்கவில்லை. அமைப்புகளில் 4ஜி அழைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயலரில் *#*#4636#*#* அடித்தால் ஐஎம்எஸ் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் பக்கம் திறக்கும். வெளிநாட்டில் வாங்கிய போனில் டேட்டா பறந்தாலும் வோல்ட்டி வராமல் போகலாம். போனுக்குள் உள்ளூர் நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பு இல்லாததே காரணம். சிம் மாற்றிப் பயனில்லை.

மணி அடிப்பதற்கு முன்பே கட்டாகிறது என்றால் ஏற்பாட்டில் சிக்கல், அல்லது டவரில் குரல் தடத்துக்கு இடமில்லை. எடுத்த பிறகு ஒன்றும் கேட்கவில்லை என்றால் குரல் பாதை. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? சிக்னல் கோடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை டவர் உங்களிடம் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் டவரை எவ்வளவு நன்றாகக் கேட்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்கின்றன. டவர் பல பத்து வாட்டில் கத்துகிறது. போனின் உச்சம் 0.2 வாட். முழுக் கோடு இருந்தும் ‘நீ பேசுவது கேட்கவில்லை’ என்று எதிர்முனை சொன்னால் சன்னல் பக்கம் போங்கள்.

அலுவலக ஐபி போன்களிலும் சிப் செயலிகளிலும் அழைப்பு மிகச் சரியாக 32-வது நொடியில் அறுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், ‘ஏக்’ வந்து சேரவில்லை. எதிர்முனை 200 ஓகே-யைத் திரும்பத் திரும்ப அனுப்பி 32 நொடி காத்திருந்துவிட்டு வைத்துவிடும். ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்ற வசதியை அணைத்தால் பெரும்பாலும் தீரும். உதவுகிறேன் என்று முகவரிகளைத் திருத்திக் கெடுப்பது அதுதான். 15 அல்லது 30 நிமிடத்தில் தவறாமல் அறுந்தால் அமர்வுக் கடிகாரம்: ‘இன்னும் இருக்கிறாயா’ என்ற விசாரிப்புக்குப் பதில் போகவில்லை.

5ஜி போனில் அழைத்ததும் மேலே 4ஜி என்று மாறுவது கோளாறு அல்ல. உங்கள் நெட்வொர்க் 5ஜி-யில் நேரடிக் குரலை இன்னும் திறக்கவில்லை, அல்லது அந்த டவரில் இல்லை. அதனால் அழைப்பு வோல்ட்டிக்கு இறக்கப்படுகிறது. வைத்ததும் 5ஜி திரும்பி வரும். நேரடிக் குரல் உள்ள இடத்தில் மாற்றம் தெரியாது. அங்கேயும் ஐஎம்எஸ் அதேதான், சிப் அதேதான். கியூசிஐ என்ற பெயர் 5கியூஐ என்று மாறியிருக்கிறது. குரலுக்கு உரிய எண் அங்கேயும் 1.